ரிக்கவரி பார்ட்டிஷன் காணோமா? ஃபார்மேட் போடும் முன் ஐந்து நிமிடம்

அந்தப் பெண் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறார். கையில் எச்பி லேப்டாப். மேசை மேல் வைத்த உடனேயே ஆன் செய்து எஃப்11-ஐத் தட்டிக் காட்டினார். நீலத் திரை வந்தது.

"இங்கே பாருங்கண்ணா. ரிக்கவரி மேனேஜர்னு ஒண்ணு வரணும்னு வீடியோவுல காட்டினாங்க. அதை அழுத்தினா வாங்கினப்ப இருந்த மாதிரியே ஆயிடுமாம். எனக்கு அது வரவே மாட்டேங்குது."

மூன்று மாதம் முன்பு ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறார்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். வேகம் கூடியிருக்கிறது, அவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எச்பி வைத்து அனுப்பிய ரிக்கவரி பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பழைய டிஸ்க்கையும் கையில் கொடுக்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி அதற்குள் பென் டிரைவை எடுத்துவிட்டான். "ஃபார்மேட் போட்டுடலாம்ணா, அரை மணி நேரம்." கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். சர்வீஸ் மேசையிலும் ஆபீஸ் ஐடி பிரிவிலும் புதிதாகச் சேர்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வியும் இதுதான்: ரிக்கவரி பார்ட்டிஷன் காணோம் என்று ஒருவர் வருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்?

எந்த பார்ட்டிஷன் என்று கேட்பேன் என்பதே எனக்கு வேண்டிய பதில். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, விண்டோஸின் சொந்தப் பழுதுபார்ப்புப் பகுதி. வின்ஆர்இ என்போம். சில நூறு எம்பி அளவுதான். பூட் ஆகாத லேப்டாப்பில் நீலத் திரை வந்து 'ட்ரபிள்ஷூட்' என்று கேட்கிறதே, அது இங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது, லேப்டாப் நிறுவனம் வைத்து அனுப்பும் ஃபேக்டரி இமேஜ். பத்து, இருபது ஜிபி வரை இடம் பிடிக்கும். விண்டோஸ், டிரைவர்கள், அந்த நிறுவனத்தின் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து மூட்டையாக இருக்கும். எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10, லெனோவோவில் பக்கவாட்டில் ஊசிமுனையால் குத்தும் நோவோ பட்டன் என்று வழிகள் வேறு வேறு. அந்தப் பெண்ணுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நீலத் திரை வந்து ரிக்கவரி மேனேஜர் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

முதலாவதை நீங்களே திரும்பக் கட்டலாம். இரண்டாவதைக் கட்ட முடியாது, நிறுவனத்திடமிருந்துதான் வாங்க வேண்டும். இந்தப் பிரிவு பிடிபடாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலி என்று காட்டினால் நம்பாதீர்கள்

நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு ஆடிட்டர் அலுவலக லேப்டாப்பில் சி டிரைவைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் மறித்துக்கொண்டு நின்றது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் '100% ஃப்ரீ' என்று இருந்தது. வலது கிளிக்கில் அழிக்க விடவில்லை. டிஸ்க்பார்ட்டுக்குப் போய் 'ஓவர்ரைடு' சேர்த்து அழித்தேன். சி டிரைவ் பெரிதானது, அவர்களும் நன்றி சொன்னார்கள்.

ஜூலை கடைசி வாரம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடியில், ஒரு அப்டேட் பாதியில் நின்றுபோய் அந்த லேப்டாப் எழவே இல்லை. பழுதுபார்க்கும் திரையும் வரவில்லை, ஏனென்றால் அதை நான்தான் அழித்திருந்தேன். அவர்கள் அலுவலகத்தில் பென் டிரைவும் கிடையாது. நான் பைக்கில் போய்ச் சேரும் வரை மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாத ரிக்கவரி பார்ட்டிஷனை அந்தத் திரை காலி என்றுதான் காட்டும். உள்ளே சரக்கு இருக்கும். இன்றுவரை புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எளிது. கமாண்ட் ப்ராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையை '/இன்ஃபோ' சேர்த்து அடியுங்கள். 'எனேபிள்டு' என்று வந்து கீழே இருப்பிடமும் காட்டினால் வின்ஆர்இ நலம். 'டிஸேபிள்டு' என்று வந்தால் பதற வேண்டாம். பார்ட்டிஷன் இருந்தும் இணைப்பு மட்டும் அறுந்திருக்கலாம், டிஸ்க்கை க்ளோன் செய்த லேப்டாப்புகளில் இதைப் பார்க்கலாம். '/எனேபிள்' அடித்துப் பாருங்கள். பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கட்டும் முறை

'/எனேபிள்' அடித்தும் பிழை வந்தால்தான் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். அதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, கஸ்டமரின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். 'எல்லாம் டிரைவ்லயே இருக்கு சார்' என்று அவர் சொன்னாலும் டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மற்றது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே என்க்ரிப்ஷன் தானாக ஓடத் தொடங்கியிருக்கலாம், உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. 48 இலக்க ரிக்கவரி கீயை அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அவர்களது ஐடி பிரிவிடம் கேளுங்கள். கீ கையில் வந்த பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கீ கிடைக்கவில்லை என்றால் அந்த லேப்டாப்பில் பார்ட்டிஷன் வேலை செய்யாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் செய்யாதீர்கள்.

அடுத்து வின்ஆர்இ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ரிக்கவரி. அங்கே வின்ஆர்இ.விம் என்ற கோப்பு இருக்க வேண்டும். மறைந்த கோப்பு என்பதால் மறைந்தவற்றைக் காட்டும்படி செய்துவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் அதே பதிப்பு விண்டோஸின் ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, உள்ளே இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பை 7-ஜிப்பில் திறந்தால், இதே பாதையில் கிடைக்கும். அங்கிருந்து எடுத்து வையுங்கள்.

பிறகு டிஸ்க்பார்ட்டில் சி டிரைவை 1,024 எம்பி சுருக்குங்கள். சி-க்கு அடுத்தாற்போல் கிடைக்கும் அந்த இடத்தில் புதிய பார்ட்டிஷனை உருவாக்கி என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யுங்கள். ரிக்கவரி என்ற முத்திரையையும் அதற்குக் குத்த வேண்டும். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் ஐடி 27. ஜிபிடி டிஸ்க் என்றால் நீளமான அடையாளக் குறி ஒன்றும், அதை மறைத்து வைக்கும் பண்புக் குறி ஒன்றும் தேவை. இரண்டையும் மனப்பாடமாக அடிக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் வழிகாட்டிப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் விண்டோஸ் அதை ரிக்கவரியாக ஏற்காது. கடைசியாக மறுபடி '/எனேபிள்', மறுபடி '/இன்ஃபோ'. அதோடு நிறுத்தாமல் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, நீலத் திரையைக் கண்ணால் பார்த்த பிறகே லேப்டாப்பை மூடுங்கள். பிட்லாக்கரை மறுபடி ஓட விட மறக்க வேண்டாம்.

500 எம்பி போதுமே, எதற்கு 1 ஜிபி என்று தம்பி கேட்டான். காரணம் 2024 ஜனவரியில் நடந்தது. வின்ஆர்இ வழியாக பிட்லாக்கரைத் தாண்டிவிடக்கூடிய ஓட்டை ஒன்றை அடைக்க, விண்டோஸ் 10-க்கு கேபி5034441 என்ற அப்டேட்டை அந்த மாதம் 9-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விட்டது. ரிக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லாத கணினிகளில் அது ஏறாமல் 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு நின்றது. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்கும் வழிமுறையை அந்த நிறுவனமே வெளியிட வேண்டியதாயிற்று. வின்ஆர்இ வளர்ந்துகொண்டே போகும் பொருள். இன்று 500 எம்பி மிச்சம் பிடித்தால் நாளை அதே லேப்டாப் உங்கள் மேசைக்குத் திரும்பி வரும்.

ஃபேக்டரி இமேஜ் போனால்

இப்போதுதான் தெரியாமல் அழித்தார்கள், அதன் மேல் எதுவும் எழுதவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் பார்ட்டிஷனை அப்படியே மீட்க வாய்ப்புண்டு. அதற்கு லேப்டாப்பை உடனே அணைத்துவிட வேண்டும். மேலே ஃபார்மேட் போட்டாயிற்று, அதுவும் எஸ்எஸ்டி என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

நிறுவனத்தின் வழிக்குப் போங்கள். எச்பியின் கிளவுட் ரிக்கவரி கருவி ப்ராடக்ட் ஐடி கேட்கும். டெல்லுக்கு சர்வீஸ் டேக், லெனோவோவுக்கு சீரியல் எண். எல்லா மாடலுக்கும் கிடைக்காது, பழையவற்றுக்கு இருக்காது. கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து நிறுவனங்கள் லேப்டாப்போடு தரும் விண்டோஸின் லைசென்ஸ் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைப் புதிதாக ஏற்றினால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். டிரைவர்களை மட்டும் அந்த மாடலுக்கான பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆக, ரிக்கவரி பார்ட்டிஷன் போனதால் விண்டோஸுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்று யாராவது கஸ்டமரிடம் கேட்டால், அது சரியல்ல.

அந்தப் பெண்ணின் மாடலுக்கு எச்பியின் கோப்பு கிடைத்தது. கடைக்கு எதிரிலேயே 32 ஜிபி பென் டிரைவ் வாங்கி வந்தார். இறங்கி முடிய மதியம் ஆனது. அதற்குள் தம்பி அவருடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரைப் பேக்கப் எடுத்துவிட்டான். வேலை முடிந்ததும் பென் டிரைவில் மாடல் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி அவரிடமே கொடுத்தோம். ஜாப் ஷீட்டில் மூன்று வரி: என்ன இல்லை, என்ன செய்தோம், என்ன கையில் கொடுத்தோம்.

எஸ்எஸ்டி மாற்றச் சொல்லி அடுத்த லேப்டாப் வரும்போது, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேக்டரி இமேஜ் இருந்தால் அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை உறையில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அது அவருடைய பொருள்.