ஸ்ட்ரிங்கை லிஸ்ட் ஆக்கச் சுருக்கு வழிகள்

“அரிசி, பருப்பு, புளி” என ஒரே ஸ்ட்ரிங்காக இருப்பதைத் தனித்தனியாகப் பிரிக்க, பைத்தானில் ஸ்ப்ளிட் போதும்.

● காற்புள்ளியை மட்டும் கொடுத்துப் பிரித்தால், பருப்புக்கும் புளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டே வரும். ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரிப் போட்டால் அது நீங்கிவிடும்.

● சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடக்குறைய இருக்கிறதா? அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் ஸ்ப்ளிட்() என்று எழுதினால் வெற்று ஸ்ட்ரிங் நுழையாது.

● நிரலிலேயே சொற்பட்டியல் எழுத பெர்லில் ‘கியூடபிள்யூ’, ரூபியில் ‘%டபிள்யூ’ உண்டு. மேற்கோள் குறியும் காற்புள்ளியும் வேண்டியதில்லை.

● தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. பைத்தானில் லிஸ்ட்("தமிழ்") என்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 துண்டுகளாகும். ரூபி 2.5 முதல் உள்ள ‘கிராஃபீம்_கிளஸ்டர்ஸ்’ த, மி, ழ் என 3 எழுத்துகளாகவே பிரித்துத் தரும்.