ஏழாம் மாதப் பயணத்துக்கு முன்

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலுடன் ஆலுவா ஸ்டேஷனில் தாய்வீட்டுக்கு வண்டியேறும் நம் பெண்களைக் காணும்போதெல்லாம் ஒன்று கேட்கத் தோன்றும்: "குளுக்கோஸ் குடித்து ரத்தம் பார்த்தாயா அம்மா?"

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஈடுகட்டும் அளவுக்கு இன்சுலின் சுரக்காத பெண்ணுக்குச் சர்க்கரை ஏறுகிறது. பெரும்பாலும் அறிகுறியே இராது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

வெளிநாட்டு முறைகள் பலவற்றில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இரண்டு மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். கிராமத்திலிருந்து பஸ் மாறி வரும் கூலிக்காரப் பெண்ணை, "நாளைக்குச் சாப்பிடாமல் வா" என்று அனுப்பினால் திரும்ப வருவாளா? சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்த முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. சாப்பிட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் இந்த ஒற்றைச் சோதனையை ஏற்றது. ஏழைக்கு ஏற்றபடி சோதனையையே மாற்றியமைத்த இந்த யோசனை, பொறியாளனான எனக்கு மிகவும் பிடிக்கிறது.

முதல் சோதனை, கர்ப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உடனே. அதில் சர்க்கரை இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும். நமக்குச் சங்கடம் இங்கேதான். நம் பெண்கள் பலர் ஊருக்குக் கிளம்புவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஊரில் பார்ப்பார்கள் என்று இங்கே நினைப்பார்கள். கேரளத்திலேயே பார்த்திருப்பார்கள் என்று அங்கே நினைப்பார்கள். லைன் கிளியர் கேட்காமல் விட்ட வண்டி மாதிரி! வசதியுள்ள வீட்டில் யாராவது போன் செய்து விசாரிப்பார்கள். எடயார், ஏலூர்ப் பக்கம் கூலி வேலைக்கு வந்த குடும்பத்தில் யார் விசாரிப்பது? ஆகவே கர்ப்பிணி அட்டையில் இரண்டு சோதனையின் தேதியும் அளவும் எழுதி வாங்கி, அட்டையைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

சர்க்கரை இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதும். இரண்டு வாரத்தில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு சோதனை உண்டு. பிள்ளையைக் கவனிக்கும் அவசரத்தில் அது விட்டுப்போகிறது. அடுத்த பிள்ளைக்கு முன்னேற்பாடு அதுதான். குழந்தையின் இதயம் முதலிய உறுப்புகள் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன. சர்க்கரை நிலைத்துவிட்டவர்கள் கர்ப்பமாகும் முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

வாரக் கணக்கு புரியாதவர்கள் அட்டையுடன் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள்; உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறேன்.