தந்தியின் விரைவு

சென்னையினின்று செங்கற்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதையோரம் முற்காலத்தில் தந்திக் கம்பிகள் ஓடின. அவற்றில் மின்குறி கணத்தில் விரையும். காலம் கழிந்தது குறிகளைக் கையால் தட்டுவதிலும் கேட்டெழுதுவதிலுமே. ஆதலின் அறிஞர் அவ்விடத்தையே திருத்தினர். மோர்சு முறையில், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ‘ஈ’ எழுத்துக்கு ஒரே புள்ளி. அருகி வரும் ‘க்யூ’வுக்கு நான்கு குறிகள். வீட்ஸ்டன் 1858-இல், துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு கையினும் விரைவாகச் செய்தி அனுப்பும் பொறியை அமைத்தார். எடிசன் 1874-இல் ஒரே கம்பியில் நான்கு செய்திகளை ஒருங்கே செலுத்தினார்.

ஆயினும், கம்பியின் விரைவு மட்டும் போதுமோ? 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே நிலம் நடுங்கிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை மாமல்லபுரக் கரையை அடைந்தது. செய்தி கடல் கடக்கச் சில நொடிகள் போதும். எனினும் மீனவர் குப்பங்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பின்னரே, 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது.

இந்தியத் தந்திச் சேவை 2013-இல் நிறுத்தப்பட்டது. அது கற்பித்த பாடத்தை மாணாக்கர் மறவாதிருப்பாராக: செய்தியின் விரைவு, அது கேட்க வேண்டியவர் செவியைச் சேருங்காலத்தைக் கொண்டே அளக்கப்படும்.