பைக்கில் முதல் நெடும்பயணம்: மெயின் ரோடா, கிராமத்து ரோடா?

‘‘பஸ்ஸெல்லாம் வேண்டாம்மா... பைக்லயே திருவண்ணாமலை போயிட்டு வந்துடறேன்!’’ என்று பையன் சொன்னதுமே வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தடுத்தால், சொல்லாமல் போவான். அதைவிட, கூட உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுப்பது மேல். நாற்பது வயதில் பைக் ஆசை வந்த அப்பாக்களுக்கும் இதே பாடம்தான்!

சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 190 கி.மீ. முதல் பயணத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு போதும். போக இரண்டு வழிகள். ஒன்று, திண்டிவனம் வரை நெடுஞ்சாலை, பிறகு செஞ்சி வழியாக. இன்னொன்று, செங்கல்பட்டில் பிரிந்து உத்திரமேரூர், வந்தவாசி, சேத்துப்பட்டு என்று ஊர் ஊராகப் போவது. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரம்தான் கூடும்.

‘ஹைவேஸ்தான் சார் சேஃப்டி’ என்பார் ஒருவர். ‘உள் ரோட்டில் லாரித் தொல்லையே கிடையாது’ என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மை. எந்த ரோட்டை எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

நெடுஞ்சாலையில் முதல் எதிரி, தூக்கம். நேர் ரோடு, ஒரே சத்தம், கியர் மாற்றும் வேலைகூட இல்லை. மூளை மந்தமாகிவிடும். கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் தூங்கிப்போவது உண்டு. ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நாலு விநாடி அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர்! பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 வரையும் உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு கிளம்புவது கூடவே கூடாது. ஜலதோஷத்துக்குப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. கொட்டாவி வந்தால், முகம் கழுவி டீ குடித்துவிட்டு உடனே வண்டியை எடுக்காதீர்கள். பங்க் ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கிவிடுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரித்தால்தான் என்ன?

கிராமத்து ரோடு தூங்கவிடாது. ஆனால் உடம்பைப் பிழிந்துவிடும். கிளட்ச், பிரேக், பள்ளம் என்று மணிக்கட்டும் இடுப்பும் படாதபாடு படும். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, வளைவில் கொட்டிக் கிடக்கும் மணல், அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே காயும் நெல், பின்விளக்கு இல்லாத டிராக்டர்... இதெல்லாம் பகலில் கண்ணுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் தெரியாது. அதனால் இருட்டிய பிறகு அந்த ரோடே வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யலாம். சனிக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்து, வெளிச்சம் வரும் நேரத்தில் கிளம்பி நெடுஞ்சாலையில் போங்கள். இரவு திருவண்ணாமலையில் தங்கல். ஞாயிறு திரும்பும்போது உடம்பில் களைப்பு இருக்கும். நேர் ரோடு தாலாட்டும். அதனால் காலை 7 மணிக்கே கிளம்பி வந்தவாசி வழியாக வாருங்கள். சென்னைக்குத் திரும்புகிற ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு முன்னால் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். பௌர்ணமி நாளைத் தவிருங்கள். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது.

ஓடும் வண்டியில் வியர்வை காற்றிலேயே காய்ந்துவிடும். உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. மணிக்கொரு முறை இறங்கி, தண்ணீர் குடித்து, இடுப்பை நிமிர்த்தி, விரல்களை உதறிக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. பெண்கள் பலர் வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமலே வருவார்கள். உள் ரோட்டில் இது நிஜமான பிரச்னைதான். எங்கே நிறுத்துவது என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும், சாப்பாட்டு வேளை தவறக்கூடாது.

பையை முதுகில் மாட்டாதீர்கள், கழுத்து போய்விடும். சீட்டில் வைத்துக் கட்டுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். தாடைப் பட்டையைப் போடாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் போய்விடும்! செருப்பு வேண்டாம், ஷூ.

வீட்டு போன் நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மருந்து மூன்றையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். பூட்டிய செல்போனை யாராலும் திறக்க முடியாது. ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. ‘பணத்துக்கு எங்கே போவது’ என்று நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.

வீடு திரும்பிய மறுநாள் உடம்பு வலிப்பது சகஜம். வெந்நீர்க் குளியலும் ஓய்வும் போதும். ஆனால் சுண்டுவிரல், மோதிர விரல் மரத்துப்போனது மூன்று நாளாகியும் சரியாகாவிட்டால், அல்லது இடுப்பு வலி காலுக்கு இறங்கினால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு அவர் பச்சைக்கொடி காட்டட்டும்.