விடுதலைக்குப் பிறகும் வழக்கு உண்டு

அன்புத் தம்பிக்கு,

வக்கீல் சன்னது வாங்கிவிட்டாய், கிரிமினல் பக்கம்தான் போவாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். சந்தோஷம். செம்பூர் கல்யாணத்தில் நீ கேட்டதற்குப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. "விடுதலையான ஆளை அதே வழக்கில் திரும்ப உள்ளே தள்ள முடியுமா அண்ணாச்சி? ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை கிடையாதுன்னுதானே படிச்சோம்?"

முடியும். அதை நான் தெரிந்துகொண்ட விதம் இன்றும் உறுத்துகிறது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் தோல் பட்டறை வைத்திருந்த ஒருவர்மேல் கொலை முயற்சி வழக்கு. செஷன்ஸ் கோர்ட் விடுவித்தது. "முடிஞ்சுது, இனி நிம்மதியா தூங்குங்க" என்று வாசலிலேயே சொன்னேன். அவரும் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அரசு மேல்முறையீடு செய்தது. நோட்டீஸ் பழைய விலாசத்துக்கு வந்து திரும்பிப் போயிற்று. கடைசியில் வாரண்ட்டோடு போலீஸ் ஊருக்கே போனது, மகளுக்கு நிச்சயம் செய்திருந்த வாரத்தில். மேல்முறையீடு பின்னால் தள்ளுபடியானது. முறிந்த சம்பந்தம் முறிந்ததுதான். நான் அன்று சொன்ன ஒரு வார்த்தைதான் அத்தனைக்கும் காரணம்.

அரசியல் சட்டத்தின் 20(2)ஐ எழுத்தெண்ணிப் படி. வழக்கும் தொடுக்கப்பட்டு, தண்டனையும் பெற்றவருக்குத்தான் அது காவல். விடுதலையானவருக்கு உள்ள காவல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆவது பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337. அதுவும் புதிதாக இன்னொரு வழக்குத் தொடங்குவதைத்தான் தடுக்கும். மேல்முறையீடு புது வழக்கில்லை, பழையதன் தொடர்ச்சி. அமெரிக்காவில் ஜூரி விடுவித்துவிட்டால் அரசுத் தரப்பு மேலே போக வழியே கிடையாது. நம் சட்டம் அப்படி இல்லை.

20(2)இல் இன்னொன்று, எல்லா அதிகாரியும் நீதிமன்றம் ஆகமாட்டார். 1949 நவம்பரில் ஜெட்டாவிலிருந்து சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய மக்பூல் ஹுசேனிடமிருந்து 107.2 தோலா தங்கத்தைச் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. பிறகு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வழக்கும் வந்தது. இரண்டாம் தண்டனை என்று அவர் வாதாடினார். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, அதனால் 20(2) பொருந்தாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள்.

மேல்முறையீட்டுக்கே திரும்புவோம். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 2006 ஜூலை 11 நினைவுக்கு வரும். மும்பைப் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள். 180க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2015இல் மோக்கா எனும் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம் பன்னிரண்டு பேரைத் தண்டித்தது, ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. ஒருவர் அதற்கு முன்பே சிறையில் இறந்துபோயிருந்தார். அரசு உச்ச நீதிமன்றம் ஓடியது. வெளியே வந்தவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டாம், ஆனால் இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று மூன்றாம் நாளே உத்தரவு வந்தது. "அப்படியானால் குண்டு வைத்தது யார்?" என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு மேல்முறையீட்டில் விடை கிடைக்காது தம்பி. ஒப்புதல் வாக்குமூலமும் அடையாள அணிவகுப்பும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மேலே போனாலும் அதே காகிதங்களைத்தான் திரும்பப் படிப்பார்கள். புலனாய்வில் விட்டதை அங்கே போய்ப் பிடிக்க முடியாது.

விசாரணையே விசாரணையாக நடக்காத வழக்கு வேறு. குஜராத் கலவரத்தில் எரிக்கப்பட்ட வடோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 21 பேரும் 2003இல் விடுதலையானார்கள். சாட்சிகள் மிரட்டப்பட்டுப் பிறழ்ந்திருந்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்தச் சொன்னது. நம் மும்பை மஸ்காவ் நீதிமன்றத்தில் 2006இல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. 2012இல் உயர் நீதிமன்றம் அதில் ஐவரை விடுவித்து, நால்வரின் தண்டனையை உறுதி செய்தது. விடுதலைக்கு எதிராக மேலே போகும் வழி இல்லாவிட்டால் அந்த நால்வரும் 2003 விடுதலையோடு தப்பியிருப்பார்கள். அந்த வழி இருக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் தோற்ற ஆத்திரத்தில் அதில் நடக்கக் கூடாது. சந்திரப்பா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்: விடுதலையானவருக்கு, நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பு வலுப் பெறுகிறது. சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால் விடுதலையில் கைவைக்கக் கூடாது. கீழ்க்கோர்ட் எந்தச் சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டது என்று உன்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லையென்றால் பாதிக்கப்பட்டவரிடம் பீஸ் வாங்காதே.

விடுதலையானவர் உன் கட்சிக்காரர் என்றால், மேல் நீதிமன்றம் கூப்பிட்டால் வருவேன் என்று அவர் எழுதிக் கொடுத்த ஆறு மாதப் பிணைப்பத்திரத்தை நினைவூட்டு. விலாசம் மாறினால் உன்னிடம் சொல்லச் சொல். ஊரில் இருக்கும் விலாசத்தையும் வாங்கி வழக்குக் கட்டில் வை.

உன் முதல் வழக்கு, அந்தப் பை தைக்கிறவரின் செக் கேஸ், எதிராளி விடுதலையாகிவிட்டார் என்று சோர்ந்து எழுதியிருந்தாய். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2009 திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை கொடுத்தது. செக் திரும்பி வந்தவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று, சென்னையிலிருந்து போன செலஸ்டியம் வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதிக்கு நிற்க வேண்டாம், செஷன்ஸ் கோர்ட்டுக்கே போகலாம். காலக்கெடு எத்தனை நாள் என்று அந்த விதியில் இல்லை, அதனால் முப்பது நாளைத் தாண்டவிடாதே. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நாளைக்கே மனுப் போடு. ஞாயிற்றுக்கிழமை வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வா, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணாச்சி