பழைய மோட்டார் வண்டிகளில் சென்ஸார் பழுதை அறிதலும் மாற்றுதலும்

தாம்பரம், முடிச்சூர், படப்பை, வண்டலூர் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து கீரையும் பூவும் காய்கறியும் பழைய காரில் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குடியானவருக்கு, வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய சரக்கு வாடிப்போகிறது. ஆகவே, ஓட்டுநருக்கெதிரே இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன், அவசரத்தில் பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இது மண்ணைப் பரிசோதியாமல் எரு இடுவதை ஒக்கும். பணம் செலவாகும், குறை நீங்குவது நிச்சயமன்று. பாகத்தை வாங்குமுன் பழுது எவ்விடத்தில் உள்ளதென்று அறியும் முறையை இங்கே விவரிப்போம்.

சென்ஸாரின் வேலை

முற்காலத்தில் வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஹெரால்டு கார்களில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் வேலையைக் கார்புரேட்டர் செய்துவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டு 1998-ல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவிலும், மறைமலைநகரில் செய்யப்பட்டு 1999-ல் வெளிவந்த ஃபோர்டு ஐகானிலும் அவ்வேலையை ஒரு சிறு கணினிப் பெட்டி நடத்துகிறது. இஞ்சினின் சூடு, உட்செல்லும் காற்றின் அழுத்தம், கிராங்குத் தண்டின் சுழற்சி, புகையில் எஞ்சிய பிராணவாயு ஆகியவற்றைச் சென்ஸார்கள் மின்சாரக் குறிப்புகளாக அப்பெட்டிக்கு அறிவிக்கின்றன. குறிப்பு பொய்யானால் பெட்ரோலின் அளவும் பொய்யாகிறது.

குறியெண் தீர்ப்பன்று

பட்டறையில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் ஒரு குறியெண் தோன்றும். எந்த மின்சுற்றில் குறை காணப்பட்டதென்பதையே அது சொல்லும். எந்தப் பாகம் கெட்டதென்று சொல்லாது. உதாரணமாக, பி 0171 என்பது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளதைக் குறிக்கும். இதைக் கண்டு பிராணவாயுச் சென்ஸாரை மாற்றிவிடுவோர் உண்டு. ஆயினும் வெடித்துப்போன ஒரு ரப்பர்க் குழாய் வழியே காற்று புகுவதாலும் அதே எண் தோன்றக்கூடும். அப்பொழுது சென்ஸார் உண்மையையே சொல்லியிருக்கிறது.

முதலில் கவனிக்கவேண்டியவை

1. பாட்டரி: இஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் இருத்தல் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் பல சென்ஸார்கள் ஒருங்கே பழுதானவைபோலத் தோன்றும்.

2. கப்ளரும் எர்த் வயரும்: 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களை வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய நீரில் மூழ்கி எழுந்த வண்டிகளில், கப்ளரின் உள்ளே பச்சைக் களிம்பு படிந்து, காலஞ்சென்றும் தொல்லை தரக்கூடும். கப்ளரைக் கழற்றி, அதற்குரிய சுத்திகரிப்புத் திரவத்தால் துடைத்து, நன்றாய் உலர்த்தி மறுபடி பொருத்துக. இதனாலேயே பல குறைகள் நீங்கும்.

சூட்டுச் சென்ஸாரைச் சோதித்தல்

வண்டி பெட்ரோலை மிகுதியாய்க் குடித்து, கரும்புகை விட்டு, சூடான பின் மறுபடி கிளம்பச் சிரமப்பட்டால், குளிர்நீரின் சூட்டை அறிவிக்கும் சென்ஸாரைச் சந்தேகிக்கலாம். அதன் சுற்று அறுந்தால், தாம்பரம் ஒருநாளும் கண்டிராத உறைகுளிரில் வண்டி நிற்பதாகக் கணினி எண்ணி, பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். ஸ்கேனரில் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டுவதே இதற்கு அடையாளம்.

இரண்டு வயர்களுள்ள சென்ஸாராயின், கப்ளரைக் கழற்றி, வயர்ப் பக்கத்து இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். ஸ்கேனரில் சூடு ஒரேயடியாய் மேலேறினால், வயரும் கணினியும் நலம், சென்ஸாரே பழுது. ஏறாவிடில் வயரைத் தேடுக. புதுச் சென்ஸாரால் பயனில்லை. மூன்று வயருள்ள சென்ஸார்களிலும் பிராணவாயுச் சென்ஸாரிலும் இச்சோதனையைச் செய்தல் கூடாது.

கழற்றிய சென்ஸாரின் முனையை நீரில் அமிழ்த்திச் சூடேற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். பலவகைச் சென்ஸார்களில் 30 டிகிரியில் 2,000 ஓம் அளவிலிருந்து 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்குத் தடை இறங்கும். சில கம்பெனிகளின் அளவு வேறாதலால் கைப்புத்தகத்தோடு ஒப்பிடுக. எதுவாயினும், சூடு ஏற ஏறத் தடை சீராய்க் குறைய வேண்டும். இடையில் துள்ளுமாயின் அது கெட்டதே.

மாற்றுங்கால்

இஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைக்கும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுக. பாகத்தின் எண்ணைப் பழைய சென்ஸாரில் பொறித்துள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்து வாங்குக. மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டமையால், ஐகான் வைத்திருப்போர் இதில் அதிகக் கவனம் செலுத்துதல் நலம். மரையைக் கையால் ஏற்றிய பின்னரே ஸ்பானரை உபயோகிக்க வேண்டும். பிராணவாயுச் சென்ஸாரின் முனையில் எண்ணெயோ சிலிகோன் பசையோ படலாகாது. முடிவில் குறைந்த நீரை நிரப்பி, குறியெண்ணை அழித்து, சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே எண் திரும்பிவந்தால் வேறு பாகம் வாங்க ஓடாமல், சோதனையை முதலிலிருந்து தொடங்குவதே முறை.

ஒரு மல்டிமீட்டரும் அரைநாள் பொறுமையும் இருந்தால் வீண் செலவு பெரும்பாலும் தவிரும். பட்டறைக்கே செல்ல நேரினும், “எதைச் சோதித்தீர்கள், என்ன அளவு கண்டீர்கள்?” என்று கேட்டறிந்த பிறகே பாகத்துக்குப் பணம் கொடுப்பது விவேகமாகும்.