வாய் திறக்கும் முன்பே தோற்கடிக்கும் கதைகள்

ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கும்போது, தென்காசிப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி முடிந்து வேலை தேடும் படலமும் ஆரம்பிக்கிறது. எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளுகிறவர்கள்கூட குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூ என்றால் பின்வாங்குகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி, யாரோ சொல்லிவைத்த கதை.

“இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் அவ்வளவுதான்”

கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் ஐஏஎஸ் தேர்வின் கடைசிக் கட்டமான 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வையே தமிழில் சந்திக்க வழி உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. அதன் பயிற்சிப் பள்ளியோ பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறது. பட்டமே கேட்காத இடத்தில் பட்டணத்து உச்சரிப்பையா கேட்பார்கள்?

சரளத்தைவிடச் சரக்குதான் முக்கியம். “உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் “இயற்கை எழில் கொஞ்சும் குற்றாலம்” என்று ஒப்பித்தால், கேட்பவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து சாரலாக இறங்குவதையும், ஊரில் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழையால் மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுவதையும், உடனே போலீஸ் குளிக்கத் தடை போடுவதையும் திக்கித் திணறிச் சொன்னாலும் போதும். “வெள்ளம் வருவதை எப்படி முன்கூட்டியே அறியலாம்?” என்று அவரே கேட்பார். அம்மா பீடி சுற்றுவதைப் பலர் மறைக்கிறார்கள். ஏன் மறைக்க வேண்டும்? இலையை அளவாக வெட்டுவது, ஆயிரம் கணக்கில் கூலி, சரியில்லாததைக் கம்பெனியில் கழித்துவிடுவது என்று வீட்டிலேயே பார்த்தவருக்குத் தரக்கட்டுப்பாடு பற்றிப் பேசப் புத்தகம் எதற்கு?

“93 சதவீதம் உடல்மொழிதான்”

சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புகளில் தவறாமல் வரும் ஸ்லைடு இது. இதன் மூலம், 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, அவற்றோடு முகபாவப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு எதிரிலிருப்பவரைப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டவர் எதை வைத்து ஊகிக்கிறார் எனப் பார்த்தார்கள். விருப்பு வெறுப்பைத் தாண்டி இதைப் பொருத்தக்கூடாது என்று அவரே எழுதிவிட்டார். யார் காதில் விழுந்தது? 93 சதவீதம் உண்மையென்றால் டிவி சத்தத்தை அணைத்துவிட்டே செய்தி கேட்கலாமே. நிமிர்ந்து உட்காருங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள். அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

“நடுங்குவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்”

பார்ப்பதில்லை. நீங்கள் நினைக்கும் அளவுக்கு நிச்சயமாக இல்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக எண்ணிய அளவு, கேட்டவர்கள் கண்ட அளவைவிட அதிகமாக இருந்தது. இந்த விஷயத்தை முன்பே கேட்டுவிட்டு மேடையேறியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்களாம்!

“சத்தம் போடுகிறவனுக்கே குரூப் டிஸ்கஷன்”

சத்தம் வேறு, பேச்சு வேறு. அதிக நேரம் பேசுபவரைத் தலைவராகக் கருதும் போக்கு குழுக்களில் உண்டு என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே மௌனம் காப்பது புத்திசாலித்தனம் என்ற எதிர்க்கதையையும் நம்ப வேண்டாம்; வாயே திறக்காதவருக்கு மதிப்பெண் போடத் தேர்வாளர்களிடம் எதுவுமில்லை. பேசிப் பழக முன்மாதிரி வேண்டுமா? தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அவருடைய வண்ணார்பேட்டை வீட்டில் நண்பர்கள் கூடி இலக்கியம் பேசிய சபை அது. பிற்காலத்தில் குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். நண்பர்கள் நாலைந்து பேர் வாரம் ஒருநாள் அப்படி உட்கார்ந்து, தினசரியில் வந்த ஒரு செய்தியை எடுத்து, முன்னவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டே அடுத்தவர் பேசுவது என்று வைத்துக்கொண்டால், காசு கட்டிப் படிக்கும் பயிற்சியைவிட மேல்.

“இன்டர்வியூ இல்லாத வேலைக்குப் போனால் தப்பித்தோம்”

அப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன. மத்திய அரசில் ‘சி’ பிரிவுக்கும், ‘பி’ பிரிவில் கெஜட் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கும் நேர்முகத் தேர்வு இல்லை. ஆனால் 2022இல் அந்தத் தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம்.